கவடி விதைத்தவர்களும் ஆமணக்கு விதைத்தவர்களும்

1801 மே 24ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கம்பெனிப் படையிடம் விழுந்தது. கர்னல் அக்னியூவின் தலைமையில் வந்த படை அது. கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. அத்தோடு விட்டிருக்கலாம், விடவில்லை. இடித்துப் போட்ட மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். மாவட்டப் பதிவேடுகளிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே அடித்தார்கள். இந்த மூன்று காரியங்களையும் சேர்த்துக் 'கோட்டை அழிப்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கோட்டையை இடிப்பதற்கு ராணுவக் காரணம் உண்டு. எதிரி திரும்ப வந்து உட்காரக் கூடாது. இடித்த இடத்தில் ஆமணக்கு விதைப்பதற்கு என்ன ராணுவக் காரணம் இருக்க முடியும்? பெயரை அடிப்பதற்கு? இங்கேதான் கோட்டை இருந்துச்சு என்று ஒருவன் தன் பிள்ளைக்குக் கைநீட்டிக் காட்டக் கூடாது என்பதுதான் காரணம். மதில்மேல் தொடங்கிய போர் நினைவின்மேல் போய் முடிந்தது.

நான் பேச விரும்புவது அந்த இரண்டாவது போரைப் பற்றி. அதை வெள்ளைக்காரன் மட்டும் நடத்தவில்லை. நம் அரசர்கள் நடத்தினார்கள். நம் புலவர்கள் அதைப் பாடிப் பரிசில் வாங்கினார்கள். பிற்பாடு வந்த அரசுகள் சிமெண்டாலும் கலவையாலும் அதையே தொடர்ந்தன. இடிக்கப்பட்டதை நினைவுகூரும் ஒவ்வொரு விழாவிலும், இடித்தவர் வரிசையில் நம்மவரும் நின்றதை மறக்கும் வேலையும் சேர்ந்தே நடக்கிறது. இந்த மறதியைக் கண்டுகொள்ளாமல் 'கூட்டு நினைவு' பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு.

1

எனக்கு ஊர் கடையநல்லூர். இங்கிருந்து வடக்கே மதுரைச் சாலையில் போனால் சொக்கம்பட்டி, புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி. வடகிழக்கே நெற்கட்டும்செவல். பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணங்களில் 'மேற்குப் பாளையங்கள்' என்று வரும் பகுதி இதுதான். ஆற்காட்டு நவாபுக்கும் கம்பெனிக்கும் கிஸ்தி கட்ட மறுத்த பூமி. 1755இல் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் பூலித்தேவனின் நெற்கட்டும்செவல் கோட்டைமேல் வந்து ஒன்றும் ஆகாமல் திரும்பினார்கள். 1761 மே மாதம் கான்சாகிபு என்கிற யூசுப்கான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்தார். 1767இல் கர்னல் டொனால்ட் கேம்பல் வாசுதேவநல்லூரை மறுபடி முற்றுகையிட்டார். இன்று இந்தச் சாலையில் பஸ்ஸில் போகிறவருக்குக் கோட்டை என்று முழுசாகச் சுட்டிக்காட்ட ஒன்றும் கிடையாது. மேடு இருக்கும், தெருப்பெயர் இருக்கும். 'கோட்டைத்தெரு எங்க இருக்கு?' என்று கேட்டால் வழி சொல்வார்கள். 'கோட்டை எங்க?' என்று கேட்டால் சிரிப்பார்கள்.

1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கையோடு மேஜர் பானர்மேன் பாளையக்காரர்களுக்கு இட்ட உத்தரவில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை: ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும். ஆயுதமும் மதிலும் இல்லாத பாளையக்காரன் வரி வசூலித்துக் கட்டும் ஜமீன்தாராகத்தான் இருக்க முடியும். 1803இல் நிரந்தர நிலவரி ஏற்பாடு வந்தபோது அதுவே நடந்தது. கோட்டை இடிப்பை வெறும் வன்மம் என்று படிப்பவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்கள். அது ஒரு புதிய வருவாய் அமைப்பின் அஸ்திவாரக் குழி.

ஆனால் பாஞ்சாலங்குறிச்சியில் நடந்தது கணக்குக்கு மிஞ்சியது. காரணம், அந்தக் கோட்டை ஒருமுறை இடிக்கப்பட்டும் சாகவில்லை. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். சில நாட்களில் மேஜர் மெக்காலேயின் படை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து பார்த்தால், தரைமட்டமாகக் கிடந்த கோட்டை எழும்பி நிற்கிறது. அது கல்கோட்டை இல்லை, மண்கோட்டை. பீரங்கிக் குண்டைக் கல் உடைந்து வாங்கும், மண் விழுங்கிக்கொள்ளும். இடிந்தால் அதே மண்ணைக் குழைத்து மறுபடி வைக்கலாம். மார்ச் 31ஆம் தேதித் தாக்குதலில் கம்பெனி பலத்த அடி வாங்கித் திரும்பியது. பிறகு இரண்டு மாதம் காத்திருந்து, படையும் பீரங்கியும் சேர்த்துக்கொண்டுதான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது.

கல்லில் கட்டியதை அழிப்பது சுலபம். மறுபடி கட்ட அரசன் வேண்டும், பொன் வேண்டும், ஸ்தபதி வேண்டும். மண்ணில் கட்டியதை அழிப்பது கஷ்டம். ஜனங்களும் மண்ணும் இருந்தால் போதும். கம்பெனிக்கு இது புரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இரண்டாம் தடவை மதிலை இடித்ததோடு நிற்காமல் தரையையே வேறொன்றாக மாற்றினார்கள். கோட்டை இருந்த இடம் விவசாய நிலம். ஊர் இருந்த இடம் பதிவேட்டில் வெற்றிடம்.

மிச்சம் விட்டதையும் பார்க்க வேண்டும். அந்தப் போரில் செத்த கம்பெனி அதிகாரிகளின் கல்லறைகள் ஒட்டப்பிடாரம் பக்கம் நிற்கின்றன. செத்தவரின் பெயர் கல்லில் இருக்கிறது. ஒரே நிலத்தில் ஒரு தரப்புக்குக் கல்லும் எழுத்தும், இன்னொரு தரப்புக்கு உழவும் ஆமணக்கும். பிஷப் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரம் பெரும்பாலும் கம்பெனியின் எழுத்துகளைக் கொண்டு எழுதப்பட்டது. எழுத்து இருந்த பக்கம்தான் வரலாறும் சாய்ந்தது.

இதையே மதுரையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். அங்கே போர் இல்லை, பழி இல்லை. நகரம் பிதுங்குகிறது, காற்றோட்டம் வேண்டும் என்பது காரணம். இடிக்கிறவனுக்கு அந்த இடத்தில் மனை என்பது ஏற்பாடு. வேலையை முன்னின்று நடத்திய பெருமாள் மேஸ்திரியின் பெயரிலும் மாரட்டின் பெயரிலும் தெருக்கள் இன்றும் உள்ளன. மதில் போனது, வெளிவீதி என்ற பெயர் நின்றது. எந்த ஊரில் இடிப்பு ஒரு தண்டனை, எந்த ஊரில் அது முனிசிபல் வேலை என்பதை அதிகாரம் தீர்மானிக்கிறது. ஒரு ஊரில் இடிபட்டவன் பெயர் அடிபட்டது. இன்னொரு ஊரில் இடித்தவன் பெயர் தெருவானது.

2

இதுவரை சொன்னது நமக்கு வசதியான கதை. இடித்தவன் அந்நியன், இடிபட்டவன் நம்மவன். இனிமேல் வருவது அத்தனை வசதியானது இல்லை.

தோற்றவனின் நிலத்தை உழுது விதைக்கிற யோசனை வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்தது கிடையாது. புறநானூற்றில் நெட்டிமையார் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும்போது, பகைவரின் அகன்ற தெருக்களைக் கழுதை பூட்டி உழுதவன் என்றே புகழ்கிறார். ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் பாட்டிலும் கழுதை ஏரும் வரகும் கொள்ளும் வருகின்றன. பிற்கால இலக்கணக்காரர்கள் இதற்கு ஒரு துறையே ஒதுக்கிவிட்டார்கள். புறப்பொருள் வெண்பாமாலையின் உழிஞைப் படலத்தில் 'உழுது வித்திடுதல்' என்று அதற்குப் பெயர். எம்.ஏ. வகுப்பில் இந்தத் துறைக்கு விளக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அந்தத் தெருவில் குடியிருந்தவன் என்ன ஆனான் என்று எந்தக் கேள்வித்தாளிலும் கேட்டதில்லை.

உழவு மங்கலமான தொழில். விதைப்பு அதைவிட மங்கலம். அவற்றைக் கழுதையையும் வரகையும் கொண்டு தலைகீழாக்குவதில்தான் இந்தச் சடங்கின் வன்முறை இருக்கிறது. உன் அரண்மனை இருந்த இடம் இனிப் புன்செய்க்காடு, அதை உழ எருதுகூடத் தேவையில்லை என்ற அவமதிப்பு அது. ஆமணக்கும் அதே மொழியில் பேசிய சொல்தான். கம்பெனி அதிகாரிகள் உழிஞைப் படலம் படித்துவிட்டு விதைக்கவில்லை. ஆனால் விதைத்ததைப் பார்த்த நம் ஜனங்களுக்கு அர்த்தம் விளங்கியிருக்கும். அவமானத்தின் இலக்கணம் இங்கே ஏற்கெனவே இருந்தது.

இது புலவர் கற்பனை என்று தள்ளவும் முடியாது. 1216இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தி அவனுடைய சோழநாட்டுப் படையெடுப்பைப் பெருமையோடு சொல்கிறது. தஞ்சையும் உறந்தையும் தீக்கிரையாயின. மாடம், மாளிகை, மதில், கோபுரம், ஆடரங்கு, மண்டபம் என்று இடித்தவற்றைப் பட்டியல் போடுகிறது. கழுதை கொண்டு உழுது கவடி விதைத்ததாகவும் சொல்கிறது. கவடி என்றால் சோழி என்பார்கள். வரகு என்பாரும் உண்டு. சோழியானால் முளைக்காத விதை. முளைக்காத விதையை விதைப்பதைவிடத் தெளிவாக ஒரு நிலத்தின் சாவை அறிவிக்க முடியாது.

இதே பாண்டியனைப் பற்றித் திருவெள்ளறையில் ஒரு கல்வெட்டுப் பாட்டு உண்டு. சோழநாட்டில் அத்தனையையும் இடித்தவன் ஒரு பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான். பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குச் சோழன் கொடுத்த மண்டபம் என்பதால் விட்டான் என்கிறது அந்தப் பாட்டு. தமிழன்பின் அடையாளமாக இதை மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கைதட்டலும் விழும். எனக்கு வேறு மாதிரி படுகிறது. இடிப்பவன் எதை நினைவில் வைக்கத் தகுந்தது என்று தேர்ந்தெடுக்கிறான். புலவனின் மண்டபத்துக்கு விலக்கு. உறையூரில் தறி போட்டவனின் வீட்டுக்கு விலக்கு இல்லை. ஒன்றை விட்டுவைத்ததைக் கல்லில் எழுதி, மற்றதையெல்லாம் அழித்த காரியத்தை அருளாக மாற்றிவிடுகிறார்கள். இன்றைக்கு எந்த நகரத்திலும் ஒரு கட்டடத்தைப் 'பாரம்பரியச் சின்னம்' என்று அறிவித்துவிட்டுச் சுற்றியுள்ள தெருக்களைத் துடைத்தெறியும்போது இதே தர்க்கம் வேலை செய்கிறது.

3

1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனுக்கு நினைவுக் கோட்டை கட்டியது. அதற்கு முன் 1968-69இல் மாநிலத் தொல்லியல் துறை அந்த மேட்டை அகழ்ந்தபோது பழைய அரண்மனையின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. அவை ஒரு பக்கம் இருக்கின்றன. புதிய கோட்டை இன்னொரு பக்கம் நிற்கிறது. போகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். போட்டோ எடுத்துக்கொள்வது புதுக்கோட்டையின் முன்னால். முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும் அடித்தளத்தில் போட்டோவுக்கு என்ன இருக்கிறது?

புதிய கோட்டை 1801இல் இடிக்கப்பட்ட மண்கோட்டையின் மறுவடிவம் இல்லை. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவன் எதிர்பார்க்கும் கோட்டை அது. நம் கூட்டு நினைவில் கட்டபொம்மனின் முகம் சிவாஜி கணேசனின் முகம். கயத்தாற்றில் நிலம் வாங்கிச் சிலை வைத்தவரும் அவரே. இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. ஆமணக்கு விதைத்து அழிக்கப்பட்ட ஒரு பெயரை ஒரு நடிகரின் குரல் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது சாதாரணக் காரியமில்லை. கேட்க வேண்டியது வேறு. அந்தக் குரல் ஓங்கியபோது வேறு எந்தக் குரல்கள் அமுங்கின?

சினிமாவுக்கு முன்னாலேயே கட்டபொம்மனைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் உண்டு. கதைப்பாடல் பாடியவர்கள், கூத்துக் கட்டியவர்கள். பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல் 1971இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அதைப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு மனிதன் தனியாக நின்று வசனம் பேசுவதில்லை. பல சாதி ஆட்கள் வருகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சாகிறார்கள். பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1920களிலேயே ஒன்றைச் சொன்னார்: நினைவு தனிமனித மண்டைக்குள் கிடக்கும் சரக்கு கிடையாது, ஒரு குழு தருகிற சட்டகத்துக்குள்தான் நாம் எதையும் நினைவுகொள்கிறோம். கதைப்பாடலின் சட்டகம் ஊர்க்கூட்டம். நினைவுக் கோட்டையின் சட்டகம் அரசு. கூட்டத்திலிருந்து ஒருவனைத் தேர்ந்தெடுத்துப் பீடத்தில் ஏற்றுவதுதான் அரசுக்குத் தெரிந்த நினைவுகூரல்.

முன்னே ஒரு கேள்வியை விட்டு வந்தோம். 1801 பிப்ரவரியில் சில நாட்களுக்குள் கோட்டை எழும்பியதே, மண் சுமந்தது யார்? குழைத்தது யார்? சிற்றரசனின் உறவுக்காரர்களா? இந்தக் கேள்விக்கு நினைவுச்சின்னத்தில் பதில் கிடையாது. அதனால்தான் விடப்பட்டவர்கள் தங்கள் பெயரைக் கேட்டு வந்தார்கள். கட்டபொம்மன் படையில் கவர்னகிரி சுந்தரலிங்கம், பூலித்தேவன் படையில் ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி. பள்ளர்களும் அருந்ததியர்களும் தங்கள் வாய்மொழியில் வைத்திருந்த பெயர்கள் இவை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டமானது.

1801இல் வெள்ளைக்காரன் பதிவேட்டிலிருந்து பாஞ்சாலங்குறிச்சியை அடித்தான். 1997இல், ஒரு தலித் வீரனின் பெயரைப் பஸ்ஸில் தாங்க முடியாத சமூகம் கட்டபொம்மனின் பெயரையும் சேர்த்து அடிக்க வைத்தது. இந்த இரண்டு பெயர் நீக்கங்களையும் அருகருகே வைத்து நம் வரலாற்றுப் புத்தகங்கள் பேசுவதில்லை. முதலாவது அந்நியர் கொடுமை என்ற அத்தியாயத்தில் வரும். இரண்டாவது 'சட்டம் ஒழுங்கு' என்ற தலைப்பில் மறையும்.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தி, 1995 ஆகஸ்ட் 31இல், அதே தூத்துக்குடி மாவட்டத்தில் கொடியன்குளம் என்ற தலித் கிராமத்துக்குள் போலீஸ் புகுந்தது. வெளிநாட்டில் உழைத்துக் கொஞ்சம் தலையெடுத்திருந்த ஊர். டி.வி., மின்விசிறி, பீரோ, பாத்திரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் உடைத்தார்கள். குடிதண்ணீர்க் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று ஊர்மக்கள் சொன்னார்கள். தோற்றவன் ஊரில் குடிநீரைக் கெடுப்பது எந்தப் படலத்தில் எந்தத் துறை என்று நம் இலக்கணக்காரர்களைக் கேட்க வேண்டும். ஒரு பாளையக்காரனின் கோட்டை இடிக்கப்பட்டது வரலாறு. ஒரு தலித் வீட்டின் நடுக்கூடம் நொறுக்கப்பட்டது செய்தி. செய்தி பழசாகிவிடும்.

இன்றைய நிலைமை எங்கள் தென்காசி மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள். செப்டம்பர் 1 பூலித்தேவன் பிறந்த நாள். இரண்டுக்கும் ஜனங்கள் நெற்கட்டும்செவல் பக்கம் போகிறார்கள். சமீப ஆண்டுகளில் இந்த நாட்களை ஒட்டி மாவட்டத்தில் தடையுத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது. ஒரே கோட்டைக்காகச் செத்ததாகச் சொல்லப்படுகிற இரண்டு பேரின் நினைவை இருநூற்றைம்பது ஆண்டு கழித்துப் போலீஸ் வேன் நடுவில் நின்று பிரித்து வைக்க வேண்டியிருக்கிறது. கோட்டையை இடிக்கக் கம்பெனி வேண்டியிருந்தது. அதற்குள் இருந்த உறவை இடிக்க யாரும் வெளியிலிருந்து வரவில்லை.

4

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம்: நினைவு இவ்வளவு சண்டையைக் கொண்டுவருமானால் மறந்துவிட்டுப் போனால் என்ன? இல்லை என்பதுதான் என் பதில். சண்டைக்குக் காரணம் நினைவு என்று சொல்ல முடியாது. எப்படி நினைவுகொள்கிறோம் என்பதில் விவகாரம் இருக்கிறது.

1992 டிசம்பர் 6இல் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. இடித்தவர்கள் தங்களை அழிப்பவர்களாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு பழைய நினைவை மீட்பதாகச் சொன்னார்கள். பதினாறாம் நூற்றாண்டில் இங்கே இடிக்கப்பட்டது, எனவே இருபதாம் நூற்றாண்டில் இங்கே இடிப்போம். 2019 நவம்பர் 9இல் உச்ச நீதிமன்றம் அந்த இடிப்பு சட்டத்தின் ஆட்சியை மீறிய பெரும் குற்றம் என்று சொன்னது. நிலத்தைக் கோயில் கட்டக் கொடுத்தது. 2020 செப்டம்பரில் இடிப்பு வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 32 பேரும் விடுதலை ஆனார்கள். 2024 ஜனவரி 22இல் கோயில் திறக்கப்பட்டது. இடிப்பு குற்றம், குற்றவாளி இல்லை, பலன் உண்டு.

இந்தத் தர்க்கத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். இடிக்கப்பட்டதற்கு இடிப்பு என்றால் தஞ்சாவூர்க்காரர்கள் கழுதையும் ஏரும் கொண்டு பாண்டிநாட்டுக்குப் புறப்பட வேண்டும். சுந்தரபாண்டியன் இடித்த மாளிகைகளுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். இதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். ஏன் சிரிக்கிறோம்? சோழனையும் பாண்டியனையும் இரண்டு சமயமாகவோ இரண்டு இனமாகவோ நாம் கட்டமைக்கவில்லை என்பதால். இடிப்பு அத்தனையும் சமமாக நினைவில் நிற்பதில்லை. இன்றைக்கு யாரை எதிரியாக நிறுத்த வேண்டுமோ அவன் இடித்தது மட்டும் 'கூட்டு நினைவு' ஆகிறது.

எங்கள் பகுதியின் கோட்டைகளையே இப்படி வாசித்துவிட முடியும். ஆற்காட்டு நவாப் முஸ்லிம், பிடித்த கான்சாகிபு முஸ்லிம், பிடிபட்டவை இந்துப் பாளையங்கள். கதை தயார். ஆனால் 1755இல் பூலித்தேவன்மேல் படையோடு வந்த அதே மாபூஸ்கான் இரண்டு வருஷத்தில் தம்பி நவாபோடு பகைத்துக்கொண்டு பூலித்தேவனின் கூட்டாளி ஆகிவிட்டார். நெற்கட்டும்செவலைப் பிடித்த கான்சாகிபு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்துக் கிளம்பி 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். உடலைத் துண்டாக்கி ஊர்ஊராக அனுப்பிப் புதைத்தார்கள். கோட்டையை உழுததும் உடலைத் துண்டாக்கியதும் ஒரே பயத்தின் இரண்டு வேலைகள். முஸ்லிம்களும் மறவர்களும் தலித்துகளும் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருக்கிற கடையநல்லூர் போன்ற ஊரில் இந்தச் சிக்கலான உண்மையைச் சொல்வது வெறும் ஆராய்ச்சி வேலை இல்லை. அடுத்த கலவரத்தைத் தள்ளிப்போடுகிற வேலையும்கூட.

கடல் தாண்டினால் இன்னொரு பாடம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 நள்ளிரவுக்கு மேல் எரிந்தது. 97,000 புத்தகங்கள் போயின. பின்னால் வந்த அரசு புதுப்பித்து வெள்ளையடித்துத் தந்தது. 2003இல் திறக்க முயன்றபோது தகராறு. எரிந்த சுவரை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று அன்றைக்குக் கேட்டவர்களின் பேச்சை வெறும் அரசியல் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. எரித்தவனே வெள்ளையடித்துத் தரும்போது எரிப்பு மறைந்துபோகிறது. போரில் செத்தவர்களின் துயிலும் இல்லங்களை ராணுவம் புல்டோசர் வைத்துத் தள்ளியது. 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். மாணவர்கள் போராடினார்கள், ஏப்ரலில் மறுபடி எழுந்தது. செத்தவர்களுக்கு வைத்த கல்லுக்குக்கூட அரசு பயப்படுகிறது என்றால், பாஞ்சாலங்குறிச்சிப் பெயருக்குக் கம்பெனி பயந்ததில் ஆச்சரியம் இல்லை.

5

சுந்தரபாண்டியன் வம்சத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லியாக வேண்டும். மதுரையை இழந்து, தெற்கே ஒதுங்கி, தென்காசியில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த வரிசையில் வந்த பராக்கிரம பாண்டியன் 1446இல் தென்காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். அவன் பெயரில் அங்கே கல்வெட்டுப் பாட்டுகள் உண்டு. ஒன்றின் சாரம் இது: இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதாவது குறை வந்தால், அப்போது வந்து அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், ஊரறிய அவர்களை வணங்குகிறேன்.

இதை முன்னோன் மெய்க்கீர்த்தியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். முன்னவன் இடித்ததைப் பட்டியல் போட்டான். இவன் தான் கட்டியது இடியும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, பிறக்காத ஒருவனின் காலில் விழுகிறான். பழுதுபார்ப்பவன் என்ன குலம், என்ன நாடு என்று கேட்கவில்லை. தோற்று ஒதுங்கிய அரசனுக்குத்தான் இந்தப் பணிவு வாய்த்தது என்பதையும் மறக்க வேண்டாம். அவன் பயந்தபடியே நடந்தது. கோபுரம் மேல்நிலைகள் அழிந்து தலைமுறை தலைமுறையாக மொட்டையாக நின்றது. 1990இல்தான் ஒன்பது நிலைக் கோபுரம் முழுசாக எழும்பிக் குடமுழுக்கு நடந்தது. இன்றைக்குத் தென்காசிக்கு வருகிற இளைஞனுக்கு அது மொட்டையாக நின்ற கதையே தெரியாது. மொட்டைக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களின் நினைவு அவர்களோடு போய்விடும்.

எனவே என் வேண்டுகோள் எளிமையானது. எந்த நினைவுச்சின்னத்தின் பலகையிலும் கட்டிய ஆண்டோடு இடிந்த ஆண்டையும் எழுதுங்கள். இடித்தவர் யார், ஏன், எத்தனை காலம் அது இடிந்தபடி கிடந்தது, யார் சுமந்து மறுபடி கட்டினார்கள் என்று எழுதுங்கள். பாஞ்சாலங்குறிச்சியில் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு செண்ட் நிலத்தில் ஆமணக்கு வளரட்டும். எதற்கு இந்தச் செடி என்று ஒரு குழந்தை கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது கோட்டை மறுபடி எழும்பும்.

கட்டடம் இல்லாமலும் நினைவு நிற்க வழியுண்டு. கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன முஸ்லிம்கள் 1946இல் அங்கே உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 1982இல் அது மூடப்பட்டது. ஆனால் புலவரின் பெயர் பின்னர் வந்த தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்து இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு பெயரைக் காப்பாற்ற அரசனோ கோபுரமோ கட்டாயமில்லை.

பெயரும் இல்லாதவற்றைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியவர்கள் விட்டுப்போன ஊரில் வீட்டுக்கு வீடு தறி இருந்தது. குழித்தறி. நெசவாளி காலை உள்ளே விட்டு மிதிகட்டையை மிதிக்க வீட்டுத் தரையிலேயே குழி இருக்கும். வளைகுடாப் பணம் வந்தது, ஓட்டு வீடுகள் இடிந்து கான்கிரீட் எழும்பியது. இதைக் குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே இருந்து பார்க்காதவன்தான் ஓட்டு வீட்டின் அழகைப் பற்றிப் பேசுவான். தறி போட்டு நடுவயதில் விட்ட ஒரு பெரியவரிடம் வீட்டை இடிச்சப்போ வருத்தமா இருந்துச்சா என்று கேட்டேன். 'வீட்டுக்கு என்ன வருத்தம் தம்பி. குழிய மூட ரெண்டு வண்டி மண்ணு பிடிச்சுது. அத்தா உக்காந்த குழி, எங்க அத்தாவோட அத்தா உக்காந்த குழி. மேல டைல்ஸ் போட்டாச்சு. பேரனுக்குக் காட்டலாம்னா எந்த எடம்னு எனக்கே தட்டுப்படல' என்றார்.

அந்தக் குழியை மூட எந்தக் கம்பெனியும் வரவில்லை, யாரும் ஆமணக்கும் கவடியும் விதைக்கவில்லை. அதைத் தொல்லியல் துறை தோண்டப் போவதில்லை, எந்தச் சட்டத்திலும் அது புராதனச் சின்னம் ஆகாது. இந்த ஊரை இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாகத் தாங்கிய உழைப்பு அந்த அளவுக் குழியில்தான் உட்கார்ந்திருந்தது. பாளையக்காரனின் மேட்டுக்கு உரிமை கொண்டாடி அடித்துக்கொள்கிற நாம், இந்தப் பள்ளங்களில் ஒன்றையாவது மூடாமல் வைத்திருக்கச் சொல்லி, எத்தனை தறி ஓடியது, யார் ஓட்டினார்கள் என்று பக்கத்தில் ஒரு பலகை வைத்தால் போதும். அதற்கு அரசாங்க உத்தரவு தேவையில்லை. தெருக்காரர்கள் நாலு பேர் ஒத்துக்கொண்டால் நடக்கும்.